கட்டம் போட்ட கொட்டலசு

பத்ருன்னிசா வீட்டு மாடியில் பாட்டில் மூடி வெடித்துப் பறந்த சத்தத்தில், அரசலாற்றங்கரைக் காக்கைகள் அத்தனையும் எழும்பி இலங்கைப் பக்கம் போய்விட்டன; பாதிக் காக்கைகள் இன்னும் திரும்பவில்லை. கோவில்பத்திலிருந்து பைக்கில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் டயர் வெடித்துவிட்டதென்று இறங்கிப் பார்த்தார்கள். கீழே இடியாப்ப மாவு சலித்துக்கொண்டிருந்த பத்ருன்னிசா மட்டும் டயரென்று நினைக்கவில்லை. சத்தம் எந்த அறையிலிருந்து வந்தது என்று தெரிந்ததுமே சல்லடையைப் போட்டுவிட்டு ஓடினாள். முட்டிவலிக்காக ஆறு வருஷமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

நீல மூடி மின்விசிறியில் அடிபட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. மேசைமேல் இருந்த பாட்டிலில் சோடாவைப் போல நுரை பொங்கி வழிந்தது. உள்ளே, அவள் மகள் நௌஷினின் ஐந்து வருஷத்துப் படிப்பு கரைந்துகொண்டிருந்தது.

கொட்டலசு என்றால் காரைக்காலில் தெரியாதவர்கள் இல்லை. படகின் அடியிலும் பாலத்துத் தூணிலும் குட்டிக் குட்டி எரிமலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் இறங்குகிறவன் காலைக் கிழித்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். அதைப் போய் ஒரு பெண் படிப்பாளா என்று ஊர் கேட்டது. நௌஷின் படித்தாள். டாக்டர் பட்டத்துக்கே படித்தாள். இந்தக் கரையில் எங்கு பார்த்தாலும் இருப்பது ஒரே இனம், ஓட்டின்மேல் ஊதா நிறத்தில் நெட்டுக்கோடு மட்டும் போட்டது. அதே கும்பலுக்குள் நெட்டுக்கோட்டோடு குறுக்குக்கோடும் ஓடுகிற வலைப்பின்னல்காரன் ஒருவனும் இங்கே குடியிருக்கிறான் என்பது அவளுடைய மூன்றாம் அத்தியாயம். அவன் முழுப்பெயர் ஆம்பிபாலனஸ் ரெட்டிகுலேட்டஸ். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிய வாரத்தில் பத்ருன்னிசாவுக்குத் தாடை பிடித்துக்கொண்டது.

அத்தியாயத்தைப் படித்த தேர்வாளர் டாக்டர் தேவிகா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "வெளிக்கோடு ஏமாற்றும். பொருளைக் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்று எழுதியிருந்தார். நௌஷினுக்குக் கொடுத்த கால நீட்டிப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. நாளைக் காலை தேவிகா இந்த வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார்; அவரை அழைத்துவர நௌஷின் புதுச்சேரிக்குப் போயிருக்கிறாள். பாட்டிலில் பொருள் இருந்தால் பட்டம். இல்லையென்றால் ஐந்து வருஷமும் அரசலாற்றில் போட்ட உப்பு.

அந்த பாட்டிலில்தான் பத்ருன்னிசா கைவைத்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படும் நாத்தனார் போகிற வழியில் முந்தாநாள் வந்து தங்கினார். தொழுவதற்கு மாடி அறையைத் துப்புரவாக்கும்போது பாட்டிலை மோந்து பார்த்தாள் பத்ருன்னிசா. ஸ்பிரிட்! சுத்தமான சாராய வாடை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் தலைமாட்டிலா இது? மகளின் பொருளும் கெடக்கூடாது, நாத்தனாரின் தொழுகையும் கெடக்கூடாது. யோசித்தாள். மாங்காயைக் கெடாமல் வைப்பது எது? எலுமிச்சையை? பச்சை மிளகாயை? கடையில் வினிகர் என்று எழுதியிருக்கும் சிர்கா! ஹலாலான பொருள்; விருந்துக்கு வைத்தால் வீட்டில் பரக்கத் பெருகும். ஸ்பிரிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு, சிர்காவைக் கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, பிஸ்மில்லாவும் சொல்லி வைத்தாள். நாத்தனார் மேசையருகிலேயே தொழுதுவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

சுண்ணாம்பு ஓட்டின்மேல் சிர்கா பட்டால் என்ன ஆகும் என்று மாங்காய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இப்போது பாட்டிலுக்குள் ஊறிய அவலைப் போல ஏதோ மிதந்தது. ஓடு இல்லை. கோடு இல்லை. கைபேசி அடித்தது. மகள்தான்.

"உம்மா, மேல் ரூம்ல நீல மூடி பாட்டில் இருக்குல்ல, அதை யாரும் தொடலையே?"

"யாரு தொடப்போறா?"

"ஏன் மூச்சு வாங்குது ஒனக்கு?"

"மாடி ஏறுனேன்டி."

"எதுக்கு மாடி ஏறுன?"

"மாடி இருக்கு, ஏறுனேன். இது என்னாடி போலீஸ் கேள்வி?"

"பயமா இருக்கு உம்மா. அந்தம்மா பஸ் ஸ்டாண்டு டீயவே லென்ஸ் வச்சுப் பாக்குற ஆளு. அந்த பாட்டில் மட்டும் இல்லைன்னா நான் முடிஞ்சேன்."

போனை வைத்ததும் பத்ருன்னிசா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுத அழுகையில் கீழ்வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினாள். கடலில் இருந்துதானே வந்தது? கடல் எங்கேயும் போய்விடவில்லையே.

கடல் போகவில்லை; படகுகள்தான் கரையேறியிருந்தன. மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் லாஞ்சு அத்தனையும் ஆற்றங்கரைமேல் வரிசையாக நிமிர்ந்து நிற்க, ஆட்கள் அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வருஷத்தில் மற்ற மாதமெல்லாம் ஊர்ப்பட்ட கொட்டலசு கிடைக்கும். அவளுக்கு வேண்டிய அன்றைக்குப் பார்த்து உலகத்துக் கொட்டலசு முழுவதையும் ஒழித்துக்கட்டத் திருவிழாவே நடந்தது.

"என்னா பாயம்மா, மீனு இல்லாத காலத்துல துறைமுகத்துக்கு வந்துருக்கீங்க?" கிளிஞ்சல்மேட்டு அஞ்சுகம் ஒரு லாஞ்சின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். பத்ருன்னிசா வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். அந்த வீட்டு வஞ்சிரம் குழம்பின் பாதி வரலாறு அவளுக்குத் தெரியும்.

"அஞ்சுகம், எனக்குக் கொட்டலசு வேணும்."

அஞ்சுகம் மெல்லுவதை நிறுத்தினாள். "குழம்புக்கா?"

"சிரிக்காதே. எம் மவ உசுரு போற காரியம்." எல்லாவற்றையும் கொட்டினாள் பத்ருன்னிசா. கேட்டு முடித்த அஞ்சுகம் சிரித்த சிரிப்பில் பெயிண்ட் அடித்தவன் பிரஷ்ஷைத் தவறவிட்டான்.

"கொட்டலசுக்கு ஊறுகா போட்ட ஒரே பொம்பள நீங்கதான் பாயம்மா! சரி, எந்திரிங்க. கொட்டலசுன்னா கொட்டலசுதானே, ஒரு பக்கெட் அள்ளித் தாரேன்."

"எல்லாம் ஆவாதுடி. கட்டம் போட்டதா வேணும்."

"கொட்டலசுல ஏது கட்டம்?"

பத்ருன்னிசாவின் கணவர் மீரா சாகிபுக்குக் கைலிக்கடை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கைலி பிரித்து அடுக்குகிறவள். மகள் அனுப்பியிருந்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். "இங்கே பாரு. நெட்டுக்கோடு மட்டும் ஓடுனா, அது கோடு போட்ட கைலி. அது ஊரெல்லாம் இருக்கு, வேண்டாம். குறுக்கேயும் ஓடி வலை மாதிரி விழுந்தா, அது கட்டம் போட்ட கைலி. அதுதான் நம்ம சரக்கு."

"அட இதானா!"

இதுதான் என்று இருவரும் ஆரம்பித்தார்கள். ஏற்கனவே சுரண்டிக் குவித்திருந்த குப்பையில் குந்தி, கொட்டலசை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்கள்.

"இது?"

"கோடு."

"இது?"

"கோடு. தூரப் போடு."

"இதுல குறுக்கால ஓடுதே?"

"அது விரிசல்டி."

"இது பாயம்மா?"

"இது பெயிண்ட்டு!"

அம்பகரத்தூர்க் கோயில் கூட்டத்தில் எத்தனை தலை இருக்குமோ அத்தனை கொட்டலசு பார்த்தாயிற்று. அத்தனையும் கோடு. நெரவியில் இருக்கிற நெல் எல்லாம் ஒரே சாதியாக விளைந்த மாதிரி, கோடு, கோடு, கோடு. பத்ருன்னிசாவுக்கு வானமே கோடு போட்டுத் தெரிந்தது. விரல் நுனியெல்லாம் கிழிந்து எரிந்தது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவள் துப்பட்டித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நானே எம் பிள்ளையக் கரைச்சுப் புட்டேன் அஞ்சுகம்" என்றாள். அஞ்சுகம் அதற்குச் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு லாஞ்சுதான் இன்னும் தண்ணியிலயே கெடக்கு" என்றாள், கையிலிருந்ததைத் தூர எறிந்துவிட்டு. "அறிவுமதியும் தமிழ்ச்செல்வனும் அண்ணந்தம்பி. பாகப் பிரச்சனை. இவன் தொட்டா அவன் வெட்டுவேங்குறான், அவன் தொட்டா இவன். ரெண்டு வருஷமா எவனும் சுரண்டல."

அந்த லாஞ்சின் அடியில் கொட்டலசு ஒட்டியிருந்தது என்று சொல்வது தவறு. கொட்டலசின்மேல் ஒரு லாஞ்சு ஒட்டியிருந்தது. நீர் வடிந்திருந்த நேரம். அஞ்சுகம் இடுப்பளவு சேற்றில் இறங்கி ஒரு கொத்தைப் பெயர்த்துக் கொடுத்தாள். பத்ருன்னிசா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். நெட்டுக்கோடு. அதன்மேல் குறுக்கே, நூல் பிடித்த மாதிரி, கோடு.

"கட்டம்!" என்று அவள் போட்ட கூச்சல் நாகூர்வரை கேட்டது. நாகூரில் ஒருவர் திரும்பிப் பார்த்ததாகவும் கேள்வி.

கொத்து கிடைத்தது. நாளைக் காலைவரை அழுகாமல் வைப்பது எப்படி? சித்திரை வெயில். இருந்த ஸ்பிரிட்டைத்தான் வாய்க்காலுக்குக் குடிக்கக் கொடுத்தாயிற்றே. அஞ்சுகம் சாலைக்கு எதிர்ப்புறம் கை காட்டினாள். காரைக்காலில் எந்தப் பக்கம் கை காட்டினாலும் எது இருக்குமோ அதுதான் இருந்தது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

"நான் வாங்கியாறேன். வெள்ளையா வேணுமா, செவப்பா வேணுமா?"

"அஸ்தஃபிருல்லாஹ்!"

"கொட்டலசுதானே குடிக்கப்போவுது!"

பத்ருன்னிசா பிராந்திக்கடைக்கு எதிரே, வெள்ளைத் துப்பட்டியோடு, கையில் கொட்டலசோடு நின்றாள். சாராயம் வேண்டாமென்றுதானே எல்லாம் ஆரம்பித்தது. இப்போது அதையே வாங்க நிற்கிறாள். அவள் நின்ற நிலையைப் பார்த்து வரிசையில் இருந்த ஒருவர் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது பார்த்து மறுபடி மகளின் போன்.

"உம்மா, சும்மாதான். படபடன்னு வருது."

"ஏன்டி நௌஷின்…" பத்ருன்னிசா குரலை இறக்கினாள். "ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்த பாட்டில்ல இருக்குறதுக்குப் பதிலா, அதே மாதிரி, அச்சு அசலா வேற ஒண்ணு வச்சா ஆவாதா?"

"என்னா உம்மா இது! எங்கே எடுத்தோம், யாரு எடுத்தா, என்னைக்கு எடுத்தோம், அதுக்குத்தான் மதிப்பே. வேற ஒண்ண வச்சுட்டு இதான் அதுன்னா, அது பொய்ச்சாட்சி."

பொய்ச்சாட்சி. அந்தச் சொல் பத்ருன்னிசாவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாராய வாடைக்குப் பயந்தவள், பெரும் பாவத்தின் வாசலில் கொட்டலசோடு நிற்கிறாள். அஞ்சுகத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கடைக்குப் போவாதே. கடல் தண்ணியில வையி. உசுரோட இருக்கட்டும்."

"அதைத்தான் நான் மொதல்லயே சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள் அஞ்சுகம், சுத்தமாக நினைக்காமலே.

மறுநாள் காலை, இடியாப்பமும் பாயாவும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. டாக்டர் தேவிகா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிக்கு ஏறினார். ஒல்லியான அம்மாள், கழுத்தில் தாலிக்கொடியோடு லென்ஸும் தொங்கியது. பின்னால் நௌஷின், சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள்.

மேசைமேல் நீல மூடி பாட்டில் இருந்தது. உள்ளே தெளிந்த நீரில் கொட்டலசுக் கொத்து. நௌஷின் பெருமூச்சு விட்டாள். அவள்கூட ஏமாந்துவிட்டாள்! தேவிகாவின் கை பாட்டிலுக்கு நீண்டது. அவ்வளவுதான் வேலை. பத்ருன்னிசா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

கொட்டலசுகள் கதவைத் திறந்து மெல்லிய இறகுக் கைகளை நீட்டித் துழாவின.

"உசுரோட இருக்கே?" என்றார் தேவிகா. "ஸ்பிரிட்ல போட்டதாத்தானே எழுதியிருந்தே?"

நௌஷின் பாட்டிலிடம் குனிந்தாள். உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பத்ருன்னிசா மேசைக்கடியிலிருந்து ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் அவல் மிதந்தது. "அம்மா, எம் மவ வச்சது இது. நான்தான் ஸ்பிரிட்ட ஊத்திட்டு சிர்காவ ஊத்துனேன். பாட்டில்ல இருக்குறது நேத்து நான் புடிச்சாந்தது. மறைச்சு வைக்கலாம்னுதான் ஓடுனேன், முடியல. எம் புள்ள ஒரு பொய்யும் சொல்லல."

"உம்மா…" என்றாள் நௌஷின். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் பத்ருன்னிசா தாங்கியிருப்பாள்.

தேவிகா ஜாடியை மோந்து பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று அந்த உதட்டுக்கே தெரியவில்லை. "பழசு போச்சுன்னா அந்த அத்தியாயமும் போச்சு. இந்தக் கொத்து எதுக்கும் ஆகாது. இதை நீங்க எடுத்திருக்கீங்க. இது ஒட்டியிருந்த இடம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. ஒரு லாஞ்சு ரொம்ப…"

"அப்ப அவ தன் கையால, என் கண் முன்னாடி எடுக்கட்டும். எடத்தோட புதுசா எழுதிக்கலாம்."

அந்த நேரத்தில் அஞ்சுகத்தின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுக்கக் கேட்டது. "பாயம்மா! குடி கெட்டுச்சு! நேத்து நாம சுரண்டுனதப் பாத்துட்டு, நீ எதையோ வித்துட்டேன்னு அண்ணன் தம்பிய அடிக்க, தம்பி அண்ணன அடிக்க, பஞ்சாயத்து கூடி, லாஞ்ச இப்பவே கரையேத்தச் சொல்லிட்டாங்க! நாலு பேரு உளியோட நிக்கிறான்!"

ஆட்டோ போன வேகத்தில் பாரதியார் ரோட்டு வேகத்தடைகள் எல்லாம் தட்டையாகிவிட்டன. அவர்கள் போய்ச் சேரும்போது லாஞ்சு கரைமேல் நின்றது. ஒரு பக்கம் முழுக்க வழித்து எடுத்துவிட்டார்கள். மறுபக்கத்தில் உளி இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டலசு மழையாகக் கொட்டியது.

"நிறுத்துங்கப்பா!" என்று நௌஷின் கத்தியது உளிச்சத்தத்தில் அமுங்கிப்போனது.

பத்ருன்னிசா கத்தவில்லை. முட்டிவலி, மூச்சிரைப்பு, மானம் எல்லாவற்றையும் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஓடினாள். உளிக்கும் லாஞ்சுக்கும் நடுவே புகுந்து, இரண்டு கையையும் விரித்து, மிச்சமிருந்த கொட்டலசின்மேல் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். வெள்ளைத் துப்பட்டியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளி பூத்தது.

"பாயம்மா, நகருங்க! கிழிச்சுரும்!"

"கிழிக்கட்டும். எம் மவ எடுக்குற வரைக்கும் ஒருத்தன் தொடக்கூடாது."

"எங்க லாஞ்சுங்க!" என்று அறிவுமதியும் தமிழ்ச்செல்வனும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்க என்று அவர்கள் சேர்ந்து சொன்னது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நௌஷின் உம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். கத்தி முனையால் ஒரு கட்டத்தைப் பெயர்த்து, ஊசியால் மூடி ஓட்டைப் பிரித்து எடுத்தாள். வெளிக்கோடு பொய் சொன்னாலும் உள்ளே இருக்கிற அந்தச் சின்ன ஓட்டின் வால் பொய் சொல்லாது: கோட்டுக்காரனுக்கு வால் தடித்துக் குட்டையாக இருக்கும், கட்டக்காரனுக்கு ஒல்லியாக நீண்டிருக்கும். தேவிகா லென்ஸை வைத்தார்.

"தடிப்பு" என்றார். "கோட்டுக்காரன். கட்டம் மாதிரி வேஷம்."

இரண்டாவது, ஊசி பட்டு நொறுங்கிப்போனது. சுற்றி நின்ற கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நௌஷின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இல்ல உம்மா" என்றாள். "மிச்சமெல்லாம் கோடு."

"எம் முதுகுக்கு அடியில பாத்தியா?"

"அங்கேயா?"

"அங்கேதான்டி ஏதோ சின்னச் சின்னதாக் குத்துது. எடு."

நௌஷின் கையை உள்ளே விட்டுத் தடவி, பெயர்த்து, பிரித்து நீட்டினாள். தேவிகா லென்ஸை வைத்துக்கொண்டு நின்றார். நின்றார். அவர் நின்ற நேரத்தில் பெயிண்ட் அடித்த படகெல்லாம் காய்ந்து, வெளுத்து, மறுபடி பெயிண்ட்டுக்குக் காத்து நின்றன. பத்ருன்னிசா யாசீன் ஓதத் தொடங்கி நடுவில் மறந்து, முதலிலிருந்து தொடங்கினாள்.

"ஒல்லி" என்றார் தேவிகா.

நௌஷின் சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே பாட்டிலை நீட்டி, "இதுல போடுங்க மேடம்" என்றாள். பாட்டிலில் ஸ்பிரிட் இருந்தது. தேவிகா தன் பையிலேயே கொண்டுவந்திருந்தார். வாடை பத்ருன்னிசாவின் மூக்கில் ஏறியது. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை.

"ஒல்லின்னா நல்லதா கெட்டதாடி?" என்றாள்.

"நல்லது உம்மா. நல்லது. வா இப்புடி."

"எங்கேடி வர்றது? துப்பட்டி மாட்டிக்கிச்சு."

அஞ்சுகம் வந்து இழுத்தாள். நௌஷின் இழுத்தாள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பார்த்தார்கள். கொட்டலசு விடவில்லை. கடைசியில் தேவிகாதான், தன் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, நூல் நூலாக அறுத்து விடுவித்தார். பத்ருன்னிசா வீடு போய்ச் சேர்ந்தாள். துப்பட்டியின் முழங்கையளவுத் துண்டு ஒன்று லாஞ்சிலேயே நின்றுவிட்டது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போனபோதும் அதை யாரும் பிய்க்கவில்லை. அண்ணன் பிய்த்தால் தம்பி வெட்டுவானாம்.